கொடுக்க மனம் வராத மூட்டை

டிக்கோயாவிலிருந்து அத்தை ஒரு சாக்கு நிறைய பட்டர் புரூட் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் முற்றின, கெட்டிக் காய்கள். "பக்கத்துக் காம்பராவுக்கும் கொஞ்சம் குடு, கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் ஹட்டன் பஸ் ஏறினார்.

நான் கொடுக்கவில்லை. பழுத்ததும் கொடுக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மனம் வரவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் இஸ்தோப்பில் நின்று சாக்கையே பார்த்தார்கள். அதைக் கண்ட பிறகும் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, அடுப்படியில் புளிவாழைக் குலைக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தேன்.

மலைநாட்டுக் குளிரில் எதுவும் சட்டென்று கனியாது என்ற நம்பிக்கை வேறு. குளிரெல்லாம் வெளியேதான், விறகு எரியும் லயத்துக் குசினியில் ஏது குளிர்? வாழைக்குலைக்குப் பெரியவர்கள் புகை போடுவது அதைப் பழுக்க வைக்கத்தானே. புகையில் எத்திலீன் வாயு இருக்கிறது. கனியும் பழமும் அதே வாயுவை விடுகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நிறுவினார். ஒன்று கனிந்தால் அதன் வாயு பக்கத்தில் இருப்பதையும் கனிய வைக்கும். சூடு, புகை, வாழைப்பழம், காற்றுப் புகாத மூட்டை என்று எல்லாவற்றையும் நானே ஒன்றுசேர்த்திருந்தேன்.

அவிழ்த்தபோது பாதிக்கு மேல் கறுத்து அழுகியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் மரக்கறித் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தேன். அடுத்த முறை வந்த அத்தை கேட்டபோது, "எல்லாருக்கும் குடுத்தேன் அத்தை" என்றேன். பழம் அழுகியதைவிட அந்தப் பொய்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அத்தை அதை நம்பிச் சந்தோஷப்பட்டார்.

பட்டர் புரூட் மரத்தில் இருக்கும்வரை கனியாது. பறித்த பிறகே கனியத் தொடங்கும். ஆகவே வீட்டில் மரம் உள்ளவர்கள் வேண்டியபோது நாலைந்து பறித்தால் போதும். மொத்தமாக வந்துவிட்டால் அடுப்புக்கும் வாழைக்கும் தள்ளி, காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். மெத்தென்று ஆனதை அன்றன்றைக்குப் பிரித்தெடுங்கள். அது பிரிட்ஜில் சில நாள் தாங்கும். காயைப் பல நாள் பிரிட்ஜில் வைத்தால் பிறகு ஒழுங்காகக் கனியாது. வாழையும் அப்படித்தான். சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும் என்பதால், நுவரெலியாவின் ஜனவரி இரவுகளில் குலையை இஸ்தோப்பில் தொங்கவிடாதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. சாக்கு வந்த அன்றே, காய் காயாக இருக்கும்போதே, அயலுக்கு அள்ளிக் கொடுத்துவிடுங்கள். அவரவர் வீட்டில் அது கனியட்டும்.