முத்திரைமேல் இட்ட கையொப்பம்

நிறைவிழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலராசிரியர் கேட்டபொழுது, கல்லூரியின் பெருமையை எழுத எம்மினும் வல்லவர் பலர் உளர் என்று எண்ணினோம். ஆதலின், கல்லூரி வாயிலைக் கடந்த சில மாதங்களுள் எமக்கு நேர்ந்த ஓர் இழுக்கினையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1962ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சுருட்டு வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் பணியில் அமர்ந்திருந்தோம். மாதச் சம்பளம் 85 ரூபா. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு அக்காலத்திலே தென்னிலங்கையில் நல்ல மதிப்பிருந்தது. சிங்களக் கிராமங்களிலும் அதனை விரும்பிப் புகைப்போர் பலர். புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து எம் முதலாளிக்கு 1,240 ரூபா வரவேண்டியிருந்தது. வழக்கமாகச் சென்றுவரும் மூத்த கணக்கப்பிள்ளை காய்ச்சலிற் படுத்துவிட்டார். "தம்பி, நீர்தான் போய்வர வேணும்" என்றார் முதலாளி. அதுகாறும் நாம் ஆனையிறவைத் தாண்டியதில்லை.

யாழ்தேவியில் ஏறினோம். 1956இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டி அந்நாளிலே எம்மவர்க்கு ஒரு பெருமிதம். (1990இலே வடக்குக்கு வருவது நின்று, 2014இலேதான் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது.) அம்மா கட்டித்தந்த புட்டுப் பொதியை மாங்குளம் வருமுன்னரே தீர்த்துவிட்டோம், பசியினாலன்று, பயத்தினால். சட்டைப்பையிலிருந்த கணக்குத் தாளை வவுனியாவில் ஒருமுறை, அநுராதபுரத்தில் ஒருமுறை, பொல்காவலையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு எதிரேயே புறக்கோட்டை. கடையைக் கண்டுபிடித்தல் கடினமாயிருக்கவில்லை. வியாபாரி வெளியே சென்றிருந்தார். கடையிலிருந்த இலிகிதர் 900 ரூபாவை எண்ணித் தந்து, மிகுதி அடுத்த மாதம் என்று அரைகுறை ஆங்கிலத்திற் கூறி, சிங்களத்தில் எழுதிய பற்றுச்சீட்டொன்றை நீட்டினார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கல்லூரியிலே பரிசு பெற்ற நாம் அதில் ஓரெழுத்தேனும் அறியோம். என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டிருக்கலாம், கேட்க வெட்கம். படித்துப் பார்ப்பவர்போலச் சற்றுநேரம் தாளை உற்று நோக்கிவிட்டு, முத்திரையின்மேற் கையொப்பமிட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டோம். அந்த நடிப்பை நினைக்குந்தோறும் இன்றும் காது சூடாகிறது.

வெள்ளவத்தையிலே எம்மூர் இலிகிதர் அறுவர் வீடொன்றை வாடகைக்கெடுத்துச் சமறியாக வாழ்ந்தனர். இரவு தங்க அங்கே சென்றோம். அவர்களுள் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் உத்தியோகத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சிங்களம் கற்றுக்கொண்டிருந்தார். விருப்பத்தோடு கற்றாரல்லர், நாடோறும் மனக்கசப்போடே கற்றார். ஆயினும் அக்கல்விதான் அன்றிரவு எமக்கு உதவியது. சீட்டை வாங்கி விளக்கருகே பிடித்தவர் திடுக்கிட்டார். "தம்பி, கணக்கு முழுதும் தீர்ந்ததெண்டல்லோ இதிலை கிடக்கு! வாசியாமலோ கையெழுத்து வைச்சனீர்?"

மிகுதி 340 ரூபா. எமது நான்கு மாதச் சம்பளம். அன்றிரவு உறக்கமில்லை, வெள்ளவத்தைக் கடல் விடியுமட்டும் இரைந்துகொண்டிருந்தது.

மறுநாட் காலை அந்த அண்ணைக்குக் கந்தோர் இருந்தமையால் தனியாகவே போனோம். வழிநெடுகிலும் ஆங்கிலத்திலே அடுக்கி வைத்திருந்த வசனங்களுள் ஒன்றாவது வாயில் வரவில்லை. சீட்டை நீட்டி, "பிழை" என்று தமிழிலே சொல்லி நின்றோம். வயோதிபரான வியாபாரி அதனை வாசித்தார். இலிகிதரை அழைத்துச் சிங்களத்திலே ஏதோ கடுமையாகக் கேட்டார். அது கைப்பிழையோ, கருதிச் செய்ததோ, அவ்விளைஞரின் முகத்தைக் கொண்டு எம்மால் முடிவுசெய்ய இயலவில்லை. பின்பு பெரியவர் எமக்கு விளங்கும் தமிழிலே, "உங்கள் முதலாளியும் நானும் இருபது வருடமாய்க் கொடுக்கல் வாங்கல்" என்று கூறிப் பழைய சீட்டைக் கிழித்தார். பிரதியையும் வாங்கிக் கிழித்தார். 900 ரூபா கொடுத்ததென்றும் 340 ரூபா மிகுதியென்றும் சிங்களத்திலே புதிதாக எழுதினார். எழுதி முடித்து, அதன்கீழே அதனையே தமிழில் எழுதுமாறு பேனையை எம்மிடம் தந்தார். கை நடுங்கியதால் எழுத்துக் கோணிற்று.

ஊர் மீண்டு பணத்தையும் சீட்டையும் முதலாளியிடம் கொடுத்தோம். முதற் சீட்டைப் பற்றி வாய்திறக்கவில்லை. அவர் இரு மொழி எழுத்தையும் பார்த்தார். நாம் போய்ச் சேர்ந்த நாளுக்கு ஒருநாள் பிந்தியிருந்த திகதியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம், நகரிலே மாலை வேளையிற் சிங்களம் கற்பித்த ஒருவரிடம் எம்மை அனுப்பினார். மாதக் கட்டணம் 5 ரூபாவைக் கடைச் சிட்டையில் எழுதிக்கொள்ளுமாறும் பணித்தார். எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று கேட்டோம்.

"சுருட்டுக் கணக்கிலை எழுதும்" என்றார்.