நூல் தாங்கும் பலகை

நூல்களை வாங்குதல் எளிது. அவற்றைக் காத்தல் அரிது. விலை கொடுத்தோ பரிசாகப் பெற்றோ வீட்டிற்குள் வந்த நூல்கள் தமக்கென ஓர் இடமின்றி மேசையிலும் பரண்மீதும் சாக்குகளுக்குள்ளும் சிதறிக் கிடப்பதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன். இடமில்லாத நூல் முதலில் கண்ணிலிருந்தும், பின்னர் நினைவிலிருந்தும், இறுதியில் வீட்டிலிருந்தும் நீங்கிவிடுகிறது.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நூல்களைத் திரட்டியவர். அவர் காலமான பின் அவை மூட்டைகளாகக் கட்டப்பட்டுப் பரணில் ஏற்றப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து மூட்டைகளை அவிழ்த்தபோது உட்பக்கங்களைக் கரையான் மண்ணாக்கியிருந்தது. ஏடுகளின் ஓரங்களில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளுக்கு வேறு படி கிடையாது. அச்சிட்ட நூலை மீண்டும் வாங்கிவிடலாம். அக்குறிப்புகளை எங்கே தேடுவது? அவ்வாண்டே என் இல்லத்தில் உறுதியான நூலடுக்கு ஒன்றை அமைப்பதென முடிவு செய்தேன்.

அப்பணிக்கு வந்த முதிய தச்சர், மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நூல்களின் எடையைப் பற்றிக் கேட்டார். நெருக்கமாக அடுக்கிய நூல்கள் ஓர் அடி நீளத்திற்கு ஏறத்தாழ 10 கிலோ எடை இருக்கும். அவ்வாறாயின், 3 அடிப் பலகை 30 கிலோவை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டும். “பலகை முறியாது ஐயா, தொய்யும். தொய்ந்தது நிமிராது. அதனால் நீளத்தைக் குறையுங்கள்” என்றார் அவர்.

அனுபவம் அவருக்குக் கற்பித்ததை இயற்பியல் கணக்கிட்டுக் காட்டுகிறது. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு, நூல்கள் சீராக நிரப்பப்பட்ட பலகையின் நீளம் இருமடங்கானால், அதன் தொய்வு 16 மடங்காகிறது. தடிமன் இருமடங்கானால், தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே இரண்டரை அடிக்கு ஒரு தடுப்பு வைத்து, ஓர் அங்குலத் தடிமனுள்ள தேக்குப் பலகைகளைப் பொருத்தினோம்.

தேக்கிலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியையே அவர் தேர்ந்தெடுத்தார். வெளிப்புற வெளிர்மரத்தைக் கரையான் விட்டுவைப்பதில்லை. பலகையின் எடையை ஆணிமட்டும் தாங்காதவாறு, பக்கச் சட்டங்களில் காடி வெட்டி முனைகளைச் செருகினார். அடுக்கு பக்கவாட்டில் சாயாதிருக்க முதுகுப் பலகை அடித்தார். தரையைக் கழுவும் நீர் படாதவாறு நான்கு அங்குல உயரக் கால்களை அமைத்தார். சுவரின் ஈரம் நூலைத் தொடாதிருக்கச் சிறிது இடைவெளி விட்டு, மேற்புறத்தை மட்டும் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்தார். கனமான அகராதிகள் கீழ்த்தட்டிற்குச் சென்றன. ஓலைச்சுவடிகளைக் காத்த முன்னோர் வழியில், தட்டுகளின் மூலைகளில் வசம்புத் துண்டுகளை இட்டேன்.

ஒருவர் தம் இல்லத்தில் காத்தவை ஒரு நாட்டின் செல்வமாவதும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகப் பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதனை அடித்தளமாகக் கொண்டு, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று ஆய்வாளர்கள் அங்கு வந்து பயன்பெறுகின்றனர். அவர் நூல்களைப் பேணாதிருந்தால் அவற்றுள் எத்தனை நமக்குக் கிட்டாமற்போயிருக்கும்!

மாணவர்களே, இல்ல நூலகத்திற்குப் பெரிய மாளிகை வேண்டுவதில்லை. ஈரமில்லாத சுவரோரம், குறுகிய நீளமும் போதிய தடிமனும் கொண்ட ஒரு பலகை போதும். பத்து நூல்களை அதில் நிற்க வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். தட்டும்போதே ஒரு பக்கமேனும் படியுங்கள். மனிதக் கை அடிக்கடி படும் இடத்தில் கரையான் மறைந்து கூடு கட்ட முடிவதில்லை.