ஹான்லேயில் தெரியாத விண்மீன் மண்டலங்கள்

நியோமாவைத் தாண்டியதும் மூக்கின் உட்புறம் காய்ந்து எரிய ஆரம்பித்தது. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இப்படியொரு காற்று புதிது. டச்சுக் கோட்டைச் சுவர்களையே உப்புக் காற்று அரிக்கும் ஊர் எங்களுடையது. கொடியில் போட்ட துணியில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு மிச்சமிருக்கும். லடாக்கின் ஹான்லேயில் ஈரத்துண்டு கண்ணெதிரே காய்கிறது. இந்த வறட்சியைத் தேடித்தான் வானியலாளர்கள் இங்கே வந்தார்கள்.

சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், குன்றின் உச்சியில், 2 மீட்டர் கண்ணாடி கொண்ட இமயமலைச் சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. முதல் ஒளி 2000இல் விழுந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் இணைப்பில் அதைத் திருப்புகிறார்கள். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும் அந்த மேட்டில், ஆளில்லாமல் அது திரும்புவதை எண்ணிப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

இருட்டியதும் ஊரில் ஜன்னல் திரைகளை இழுத்துவிடுகிறார்கள். 2022இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. எங்கள் ஊரில் அடிவானப் புகைமூட்டத்தில் கரைந்துபோகும் துருவ நட்சத்திரம் இங்கே நல்ல உயரத்தில் பளிச்சென்று நின்றது. வழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்ட்ரோமீடாவைக் காட்டினார். வெறும் கண்ணுக்கு மங்கிய ஒரு திட்டு. 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது.

“இதைவிட ஆயிரம் மடங்கு தூரத்தில் இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார்களாமே, தூரம் எப்படித் தெரிகிறது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அதுதானே கஷ்டம்!”

சின்ன வயதில் குப்பத்துக் கரையில் சித்தப்பாவிடம் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். ராத்திரிக் கடலில் ஒரு வெளிச்சம். பக்கத்து ஃபைபர் போட்டின் சின்ன பல்பா, எங்கோ போகும் கப்பலின் பெரிய விளக்கா? “ஒத்த வெளிச்சத்த வச்சு தூரம் சொல்லாதடா” என்பார். வானத்திலும் அப்படித்தான். மங்கலாக இருப்பதெல்லாம் தொலைவில் இருப்பதல்ல.

பிரபஞ்சம் விரிவதால், ஆதியில் கிளம்பிய புற ஊதா ஒளி நீண்டு நீண்டு அகச்சிவப்பாக நம்மிடம் வந்து சேர்கிறது. காற்றின் நீராவி அகச்சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஹான்லேயின் வறட்சிக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு. ஆனால் முதல் விண்மீன் மண்டலங்களுக்கு இதுவும் போதாது. 90 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலமே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அதையும் கடந்து போனதுதான் 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி.

அதன் படங்களிலும் தூரம் எழுதியிருக்காது. ஒரு தடயம் உண்டு. ஆதிப் பிரபஞ்சத்தில் நிறைந்திருந்த ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை மறைத்துவிடும். ஆகவே வெவ்வேறு அலைநீளங்களுக்கான ஃபில்டர்களில் எடுத்த படங்களில், ஒரு புள்ளி குறிப்பிட்ட ஃபில்டர் வரை அறவே தெரியாமல், அடுத்ததில் திடீரென்று தெரியும். அந்த வெட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள்.

2022 ஜூலையில் முதல் தரவுகள் வந்த சூட்டோடு, சியர்ஸ்-93316 என்ற புள்ளி உலகையே பரபரப்பாக்கியது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 24 கோடி ஆண்டுகளில் இருந்த மண்டலம் என்றார்கள். மறுவருடம் அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தபோது கணக்கு மாறியது. பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயது கடந்த பிறகு, தூசு படிந்து சிவந்திருந்த மண்டலம் அது! அதன் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வீசிய பலத்த ஒளிக்கோடுகள், மிகச் சரியாகச் சில ஃபில்டர்களில் விழுந்து, தொலைதூர மண்டலத்தின் வேடத்தைக் கொடுத்திருந்தன. அதே ஆய்வில், ‘மெய்ஸியின் விண்மீன் மண்டலம்’ என்ற இன்னொரு புள்ளி சோதனையில் தேறியது. பிரபஞ்சத்துக்கு 39 கோடி வயதானபோதே அது இருந்தது. இதை அறிவியலின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. பரபரப்பான கணக்கை வானியலாளர்களே உட்கார்ந்து உடைத்தார்களே, அந்த நேர்மைக்காகவே இந்தத் துறையை மதிக்கிறேன்.

2025இல் அறிவிக்கப்பட்ட மாம்-இசட்14, 28 கோடி ஆண்டு வயதுப் பிரபஞ்சத்தில் இருந்தது. அதன் ஒளி 15 மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. நிறமாலை எடுத்துத்தான் உறுதிசெய்தார்கள்.

நம்மவர்கள் பங்கும் உண்டு. புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் இருவரும் வெப் தரவுகளில் ஒரு சுருள் மண்டலத்தைக் கண்டு, இமயமலை நதியின் பெயரால் ‘அலக்நந்தா’ என்றார்கள். பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதிருக்கும்போதே அழகான இரு சுருள் கைகள்! பல ஃபில்டர்களில் பதிவான நிறங்களிலிருந்தே அதன் தூரத்தைக் கணித்தார்கள். அந்தக் கைகள் எப்படி உருவாயின என்று சொல்ல இன்னும் கூர்மையான நிறமாலை வேண்டும்.

அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும். 492 துண்டுகள் சேர்ந்த 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. துண்டுகளை மெருகேற்றும் கூடம் அதே ஹொசகோட்டேயில்தான் இருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்கு மாற்று இடமாக ஒருகாலத்தில் ஹான்லேயையும் பரிசீலித்தார்கள். இங்கேயே வந்திருக்கலாமே என்ற ஆசை எனக்கு இன்னும் விடவில்லை.