கரும்பேந்திய கரமும் பச்சைமலைச் சரளையும்

எறையூரில் நின்று மேற்கே நோக்கினால் பச்சைமலைத் தொடர் நீலமாய் நீண்டு தோன்றும். சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த உழவர் பலர்க்குக் கரும்பே வாழ்வு. இதே பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் குன்றின்மேல் எழுந்தருளியுள்ள தண்டாயுதபாணி, திருக்கரத்தில் கரும்பேந்தி அருள்வது எத்துணைப் பொருத்தம்!

அக்கரும்புக்கு நீர் தருவது எது? பச்சைமலைச் சரிவில் ஏறினால் விளங்கும். அங்கே பாறை பன்னெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து பருமணலும் சரளையுமாய்க் கிடக்கிறது. அம்மண்ணில் நீர் தேங்காது, விழுந்தவுடன் உள்ளிறங்கும். மரநிழலும் சருகும் மேலே உள்ளவரை, மழை மெல்ல இறங்கிப் பாறை வெடிப்புகளில் புகுந்து, கீழே சுனையாகவும் ஓடையாகவும் வெளிப்படும். கல்லாறும் இம்மலை தந்ததே. விசுவக்குடியில் அதன் குறுக்கே அணை நிற்கிறது.

மரம் போனால் நிலை மாறும். பிடிப்பற்ற சரளையை ஒரு பெருமழையே வாரிக்கொண்டு இறங்கும். சுனை வற்றும், ஏரி தூர்ந்துபோகும். மலைவாழ் மக்கள் மரவள்ளி பயிரிடுகின்றனர். கிழங்கு பிடுங்குகையில் மண் நெகிழ்வதால், சரிவில் கல்வரப்பு இன்றியமையாதது.

மலைக்கோயில்களுக்குச் செல்லும் அன்பர்களே! கற்பூரம் ஏற்றுவது சந்நிதியில் மட்டும் இருக்கட்டும். கோடையில் வழியோரம் விட்ட சிறு நெருப்பு சருகையெல்லாம் உண்டுவிடும். அச்சருகே மலை உடுத்த ஆடை. அதனைக் காப்பதும் ஆண்டவனுக்குச் செய்யும் திருப்பணியே. உடன்வரும் பேரப்பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவைப்போம்.