கைக்குத் தெரியாத கணக்கு

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு ஒரு ஆசை உண்டு. தாங்கள் இறுக்கிய போல்ட்டை வேறு யாராலும் கழற்ற முடியக்கூடாது. ரிங் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி, காலை எங்காவது ஊன்றி, முகம் சிவக்க இழுப்பார்கள். “இனிமே அசையாதுண்ணே” என்று ஒரு சிரிப்பு வேறு. அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதே போல்ட் தலை அறுந்து வண்டி திரும்பி வரும்போது, “நல்லாத்தானே இறுக்கினேன்” என்று திகைத்து நிற்பதும் அதே பையன்தான்.

தம்பி, நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கிறாய். புத்தகத்தில் டார்க் என்று படித்திருப்பாய். அது வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது என்னவாக இருக்கிறது என்று சொல்கிறேன், கேள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எடுத்துக்கொள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற அந்த நீளக் குழாய், பல வண்டிகளில் முனைக்கு நான்கே போல்ட்டில் நிற்கிறது. அந்த நான்கு போல்ட்டும் குறுக்கே நின்று வண்டியைத் தள்ளுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட்டின் வேலை இரண்டு ஃபிளான்ஜையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் பிறக்கிற உராய்வுதான் சக்தியைப் பெருமளவு கடத்துகிறது. பிடி தளர்ந்தால் ஃபிளான்ஜ்கள் ஒன்றின்மேல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் நகரத் தொடங்கும். ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் போல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வாங்கும். அதற்கென்று செய்யப்படாத வேலை அது. ஒருநாள் அறும். ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று ரோட்டில் ஊன்றினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

போல்ட்டை ஒரு கெட்டியான ஸ்பிரிங் என்று வைத்துக்கொள். இறுக்கும்போது அது நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் பிடி. பத்து மில்லிமீட்டர் போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது, எண்ணெய் இல்லாமல் ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் சுமார் இரண்டரை டன் பிடி கிடைக்கும். அதற்காக அது நீள்வது, முப்பது மில்லிமீட்டர் கனத்தைப் பிடிக்கிற போல்ட்டில், ஒரு தலைமுடியின் பருமன்தான். அந்த முடியளவு நீட்சிக்குள் இருக்கும்வரை போல்ட் உயிரோடு இருக்கிறது. தலையில் இருக்கிற 8.8-ஐயும் படித்துப் பழகு. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாமல் தாங்கும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அதில் எண்பது சதவீதத்தைத் தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பமாட்டேன் என்கிறது. பைப் போட்டு இழுத்த பையனின் போல்ட் அந்த எல்லையைத் தாண்டியதுதான். அன்றைக்கே அறவில்லை என்பதால் அவனுக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், எனக்கே முதலில் நம்பக் கடினமாக இருந்தது. நீ ஸ்பேனரில் கொடுக்கிற முறுக்கில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கும் கீழே உள்ள பரப்புக்கும் இடையே உராய்ந்தே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரைக்குள் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். அதாவது நீ பட்ட பாட்டில் பெரும்பகுதி வேலையாக மாறவே இல்லை. பட்டறையில் காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே திரிகிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் உண்மையிலேயே களைத்துத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் முடிந்த வண்டியை எண்ணினால் இரண்டுதான் இருக்கும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கெடுக்க அதிகம் வேண்டாம். மரையில் துரு இருந்தால் உராய்வு கூடும். புத்தகத்தில் போட்ட அளவுக்கு இறுக்கியும் பிடி குறைவாக இருக்கும். மாறாக, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை நீ எண்ணெய் தடவிய மரையில் வைத்தால் பிடி மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடும். மேலே சொன்ன இரண்டரை டன் போல்ட், தான் தாங்கக்கூடிய எல்லையிலேயே வந்து நின்றுவிடும். எண்ணெய் நல்லதுதானே என்று நல்லெண்ணத்தோடு தடவியதுதான்! ஆகவே கம்பி பிரஷ் போட்டு மரையைத் துடை. புத்தகம் எண்ணெய் போடு என்றால் போடு. திரெட் லாக்கர் போடு என்றால் அதைப் போடு. ஒன்றும் சொல்லவில்லை என்றால் உன் தாராளத்தைக் காட்டாதே. போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும், வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர.

இந்தக் கணக்கெல்லாம் கைக்குத் தெரியாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த காலையில் இறுக்கியதும், சாப்பிடாமல் மூன்று மணிக்கு இறுக்கியதும் உன் கைக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் 1918 வாக்கிலேயே டார்க் ரெஞ்ச்சை உருவாக்கியதாகச் சொல்வார்கள். பூமிக்கடியில் குழாய் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மேல் இறுக்கி உடைத்ததுதான் காரணம். பலசாலிகளால் வந்த தொல்லைக்குக் கண்டுபிடித்த மருந்து என்று நான் அதைச் சொல்வேன்.

சரி, டார்க் ரெஞ்ச் வந்துவிட்டது, ‘கிளிக்’ என்று சத்தமும் வந்துவிட்டது, கவலை தீர்ந்ததா? தீரவில்லை. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் புறப்பட்டது. பதினேழாயிரம் அடிக்கு மேலே ஏறியபோது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தது அதிசயம். அந்தக் கண்ணாடி சற்று முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. பிடித்திருந்த 90 போல்ட்டில் 84 போல்ட் கொஞ்சம் மெல்லியவை. மீதி ஆறு நீளம் போதாதவை. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தது. அளவு வைத்த ஸ்க்ரூடிரைவரால்தான் இறுக்கினார்கள். ஆனால் மெல்லிய போல்ட் மரைக்குள் நழுவிய உணர்வும், அளவு எட்டியதும் கருவி விடுபடுகிற உணர்வும் கைக்கு ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். வேலை செய்தவர் சோம்பேறி இல்லை, அனுபவசாலி. நள்ளிரவு ஷிஃப்டில், எட்டாத இடத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு செய்திருக்கிறார். கருவி தன் வேலையைச் செய்கிறது என்று நம்பி, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டார்: இது சரியான போல்ட்தானா? பாஸ் மார்க் வந்துவிட்டது, சர்டிஃபிகேட் வந்துவிட்டது என்று படித்துவிட்டு வருகிறவர்கள் ஓய்ந்துவிடுகிற இடமும் இதுதான்.

ரெஞ்ச் காட்டுகிற எண் எந்த அலகில் இருக்கிறது என்பதையும் பார். நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், அடி பவுண்டு மூன்றும் இங்கே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ரெஞ்சில் இரண்டு அளவுகோல் செதுக்கியிருப்பார்கள். 50 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் அடி பவுண்டு கோட்டில் 50 வைத்தால் 68 நியூட்டன் மீட்டர் போய்விடும். ஷாஃப்ட் ஃபிளான்ஜில் பல வண்டிகளில் சாக்கெட் நுழையாது, ரெஞ்ச் முனையில் ஒரு ஒட்டு மாட்டித்தான் இறுக்க முடியும். அந்த ஒட்டு நேர்கோட்டில் நீண்டால் நெம்புகோல் நீளம் கூடிவிடும். பிடியிலிருந்து முனைவரை 400 மில்லிமீட்டர் ரெஞ்சில் 50 மில்லிமீட்டர் ஒட்டு மாட்டினால், 50-க்குப் பதிலாக 44 வைக்க வேண்டும். செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் அந்தக் கணக்கு வேண்டாம். இதெல்லாம் இரண்டு நிமிஷ வேலை. செய்யாதவர்களிடம் கேட்டால் நேரமில்லை என்பார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: பின் ஆக்சில் ஹவுசிங்கில் பினியன் நட். பல வண்டிகளில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கக்கூடிய மெல்லிய குழல் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொடுத்து, பேரிங்குகளின் மேல் சரியான முன்னழுத்தத்தை வைக்கும். அதை நசுக்க ஆரம்பிக்கவே இருநூறு, முந்நூறு நியூட்டன் மீட்டர் பிடிக்கும். இரண்டு பேர் வேண்டும். ஆனால் நாம் பார்க்க வேண்டிய அளவு அதுவே இல்லை. கிரௌன் வீலை மாட்டுவதற்கு முன், பினியன் எவ்வளவு எதிர்ப்போடு சுழல்கிறது என்பதுதான் அளவு. புது பேரிங்குக்குப் பல வண்டிகளில் இரண்டு, மூன்று நியூட்டன் மீட்டர். ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி சுமார். முந்நூறு கொடுத்து இரண்டைத் தேடுகிற வேலை.

அதுவும் கடைசியில் திடீரென்று வரும். ஆட்டம் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஆட்டம் போன பிறகு நட் கொஞ்சம், மிகக் கொஞ்சம் நகர்ந்தாலே எதிர்ப்பு ஏறிவிடும். அதனால் துளி திருப்பு, கையால் பினியனை நாலு சுற்று சுற்றி பேரிங்கை உட்காரவை, அள. மறுபடி துளி திருப்பு, அள. அவசரத்தில் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம் என்று தோன்றும். முடியாது. நசுங்கிய குழல் திரும்பி எழாது. தளர்த்தினால் முன்னழுத்தம் போய்விடும், அப்படியே விட்டால் பேரிங் சூடாகிக் கெடும். எல்லாவற்றையும் பிரித்து, புதுக் குழல் போட்டு, முதலிலிருந்து. குழலின் விலை அற்பம், போகிறது உன் அரைநாள்.

ஏர் கன்னால் இதைச் செய்கிற பையன்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வீட்டிலும் சிலர் இப்படித்தான் பேசுவார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட வேண்டும் என்று. திருப்பி எடுக்க முடியாத இடம் நெருங்குகிறது என்று தெரிந்தால் நான் பேச்சைக் குறைத்துவிடுவேன். பினியனிடம் கற்றது அது.

ஒருமுறைதான் பயன்படும் என்கிற போல்ட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். பல என்ஜின்களில் ஃபிளைவீல் போல்ட்டை ஒரு அளவுக்கு இறுக்கிவிட்டு, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்பார்கள். அது போல்ட்டைத் திரும்பாத எல்லைக்கே வேண்டுமென்றே கொண்டுபோகிற முறை. அதைக் கழற்றினால் தூக்கிப் போட வேண்டியதுதான். முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் உளியால் தட்டி மடித்துப் பூட்டுகிற நட்டும் அப்படியே. பழசையே போட்டுவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்குகிற கடைகள் உண்டு. வண்டிக்காரருக்கு அது எப்போதும் தெரியப்போவதில்லை. நீ எந்தக் கடையில் வேலைக்குச் சேர்வது என்று யோசிக்கும்போது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் குப்பைத் தொட்டியில் பழைய நட் கிடக்கிறதா என்று பார்.

வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்ச்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வை, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் இளைப்பாறட்டும். அந்த ரெஞ்ச்சால் எதையும் கழற்றாதே. ஐயாயிரம் தடவை இறுக்கியதும், அல்லது வருஷம் ஒருமுறை, சோதனைக்கு அனுப்பு. அதைக் கீழே போட்டுவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. சொன்னதற்காக நான் யாரையும் திட்டியதில்லை.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஓட்டு. பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக ஏற்று. முழு அளவு கொடுத்ததில் மட்டும் பெயின்ட் மார்க் வை. கையால் ஓட்டியதற்கு மார்க் வைக்காதே. நடுவில் போன் வரும், டீ வரும், யாராவது “ஒரு நிமிஷம் இங்க வாப்பா” என்பார்கள். திரும்பி வந்து படுத்ததும் மூன்றாவதை முடித்தோமா, இரண்டாவதோடு நின்றோமா என்று ஒரு சந்தேகம் வரும். ரெஞ்ச்சை மறுபடி வைத்தால் உடனே கிளிக் ஆகலாம். குறையவில்லை என்பதைத்தான் அது சொல்லும், கூடிப்போனதா என்று சொல்லாது. அதனால் கழற்று. மரையைத் துடை. ஒருமுறை போல்ட் என்றால் புதிது போடு. முதலிலிருந்து இறுக்கு. வண்டிக்காரர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், இன்னும் அரை மணி ஆகும் சார் என்று சொல். ஏன் என்று கேட்டால், ஏன் என்பதையும் சொல்.