நான் ஏன் ஸாமாக்ஸ் ரசிகன்?

நம்ம ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் ஒரு ஃபுட்பால் கிளப் பெயர் சொல்லுவாங்க. ஒருத்தன் ரியல் மாட்ரிட், இன்னொருத்தன் பார்சிலோனா, பக்கத்து ரூம் மொத்தமும் மான்செஸ்டர் யுனைடெட். "உனக்கு எந்த டீம்டா?" என்று என்னைக் கேட்டால் நான் சொல்வது "ஸாமாக்ஸ்". "அது என்னடா, தலைவலி மாத்திரையா?" என்பதுதான் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே பதில். ஆகவே நண்பர்களே, ஆண்டு மலரில் கிடைத்த இந்தப் பக்கங்களை அந்த மாத்திரையைப் பற்றி எழுதவே பயன்படுத்திக் கொள்கிறேன்.

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பனிமலையில் எடுத்த சினிமா டூயட், சாக்லேட், கடிகாரம். அந்தக் கடிகாரத் தொழில் செழித்த மேற்குப் பகுதியில், பிரெஞ்சு மொழி பேசும் ஏரிக்கரை ஊர் நெஷாத்தேல். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கவனிக்க: குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் ஆரம்ப மாதிரிகள் 1967ல் இந்த ஊர் ஆய்வுக்கூடத்தில்தான் உருவாயின. அந்த ஊரின் கிளப்தான் நெஷாத்தேல் ஸாமாக்ஸ்.

பெயர் வந்த கதையே சுவாரஸ்யம். மாக்ஸ் அபெக்லென் என்று ஒரு வீரர். சுவிட்சர்லாந்துக்காக 68 ஆட்டங்களில் 34 கோல் போட்டவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இருந்தவர். அவருடைய கோல் கணக்கைத் தாண்டிப் போக இன்னொரு சுவிஸ் வீரருக்கு 2008 வரை ஆனது. அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் 'ஸாம்'. அதுதான் அவரது செல்லப் பெயர். அதிலிருந்து பிறந்தது ஸாமாக்ஸ். ஆங்கிலத்தில் எழுதி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான், நம்ம 'விகடகவி' மாதிரி!

அதே ஊரில் கான்டோனல் என்று இன்னொரு கிளப் இருந்தது. 1916லேயே சுவிஸ் சாம்பியன் ஆன பழைய கிளப். 1970ல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. 1979ல் கில்பெர்ட் ஃபாக்கினெட்டி என்பவர் தலைவரானார். கட்டடத் தொழில் செய்யும் குடும்பத்துக்காரர். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பொறுப்பில் இருந்தார். 1981ல் கில்பெர்ட் கிரெஸ் பயிற்சியாளராக வந்தார். அப்புறம் ஆரம்பித்தது பொற்காலம்.

1986ல் யூஇஎஃப்ஏ கோப்பை கால் இறுதி. எதிரணி ரியல் மாட்ரிட். ஸ்பெயினில் 3-0 தோல்வி. சொந்த மண்ணில் 2-0 வெற்றி. மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோலில் வாய்ப்பு போனது. ஆனால் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஒரு ஊர், ரியல் மாட்ரிட்டை ஜெயித்தது என்றால் சும்மாவா? அந்த அணியில் நடுநாயகமாக ஆடிய ஜெர்மானியர் ஊலி ஷ்டீலிகே, எட்டு வருஷம் ரியல் மாட்ரிட்டில் ஆடிவிட்டு வந்தவர்! 1987லும் 1988லும் ஸாமாக்ஸ்தான் சுவிஸ் சாம்பியன். 1991ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் வந்தது. 5-1 என்று திருப்பி அனுப்பினார்கள். அதில் நாலு கோல் எகிப்து வீரர் ஹொசாம் ஹசன் போட்டது. அன்றைய பயிற்சியாளர், பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளரான ராய் ஹாட்ஜ்சன்.

எல்லாம் ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிஸ் கோப்பையில் மட்டும் இவர்களுக்கு ராசியே இல்லை. 1974, 1985, 1990, 2003, 2011 என்று ஐந்து முறை இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். ஐந்திலும் தோல்வி. இருந்தாலும் 2007ல் புது மலாடியேர் மைதானம் திறந்தார்கள். சுமார் 12,000 பேர் உட்காரலாம். அதே கட்டடத்தில் கடைவளாகமும் உண்டு. ஊர் சின்னது, மனசு பெரிசு.

இனிமேல்தான் கதையே.

2011 மே மாதம் புலாத் சகாயெவ் என்ற வெளிநாட்டுத் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். பெரிய பெரிய வாக்குறுதிகள். சில மாதங்களுக்குள் பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். சம்பளம் தள்ளிப் போனது, கடன் ஏறியது. லீக்குக்குக் கொடுத்த வங்கிக் காகிதமே போலி என்று தெரிந்தது. 2012 ஜனவரியில், சீசன் நடுவிலேயே லைசென்ஸ் ரத்து. சில நாளில் திவால். அந்தத் தொழிலதிபருக்குப் பின்னாளில் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஆனால் தண்டனையா கிளப்பை மீட்டுத் தரும்? இரண்டு முறை சாம்பியனான அணிக்கு எட்டே மாதத்தில் ஆட ஒரு லீக் இல்லை!

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அதே வருஷம் மறுபடி பெயர் கொடுத்தார்கள். எங்கே? ஐந்தாம் டிவிஷனில். பகலில் வேலைக்குப் போய், சாயங்காலம் பயிற்சிக்கு வருபவர்கள் ஆடும் இடம் அது. ரியல் மாட்ரிட்டை ஜெயித்த பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் அமெச்சூர் அணிகளோடு ஆட இறங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். நான் முதல் வருஷம் சேர்ந்த கொஞ்ச நாளில் மில்லை மூடிவிட்டார்கள். ஒரு மாசம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அப்புறம் ஒருநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனார். முதலாளிக்கு முப்பது வயசுகூட இல்லை. "இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம் இது தேவையா?" என்று சொந்தக்காரங்க கேட்டாங்க. "திண்ணையில உக்காந்திருந்தா மில்லு திறந்துடுமா?" என்றார். நான் ஒரு தடவை பட்டறைக்குப் போனபோது, லேத்துக்கு அடியில் கிடந்த இரும்புச் சுருளைக் கூட்டிக் கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. கூட்டி முடித்துவிட்டுத்தான் டீ வாங்கித் தந்தார்.

ஸாமாக்ஸும் கூட்டி முடித்தது. 2013ல் அதே நகரின் செரியேர் பகுதி கிளப்போடு இணைந்தார்கள். செரியேர் என்பது சுஷார் சாக்லேட் தொழிற்சாலை வளர்ந்த தொழிலாளர் பேட்டை. பெரிய கிளப் சின்ன கிளப்பின் கையைப் பிடித்து ஏறியது. 2015ல் இரண்டாம் டிவிஷன். 2018ல் மறுபடியும் முதல் டிவிஷன்! ஆறே வருஷம். மேலே கொண்டு வந்த பயிற்சியாளர் மிஷெல் தெகாஸ்தெல், அந்தக் காலத்தில் இதே கிளப்புக்கு ஆடியவர். கோல் அடித்துக் குவித்த ரஃபாயெல் நுஸோலோ, 2011ல் கிளப்பை விட்டுப் போய் 2016ல் திரும்பி வந்தவர்.

2019ல் இன்னொரு சோதனை. முதல் டிவிஷனில் நீடிக்க ஆராவ் அணியோடு இரண்டு ஆட்டம். சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-4 தோல்வி. இனி என்ன இருக்கு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று யாரும் சொல்வார்கள். மூன்றே நாள் கழித்து ஆராவ் ஊருக்கே போய், அதே 4-0 கணக்கில் ஜெயித்து, பெனால்டியில் தப்பினார்கள். அடுத்த வருஷம், 2020ல், கடைசி இடம் வந்து மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். ஆம், இறங்கத்தான் செய்தார்கள். இது சினிமா இல்லையே, 'சுபம்' போட்டு முடிக்க!

நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் "என்ன படிக்கிறே?" என்பார்கள். "டிப்ளமோ" என்றால், "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும். நம்மை இரண்டாம் டிவிஷன் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. இருக்கட்டும். ஐரோப்பிய லீக்கில் ஒரு நல்ல சட்டம் உண்டு: மேலே இருப்பவனும் இறங்கலாம், கீழே இருப்பவனும் ஏறலாம். டிவிஷன் என்பது இந்த வருஷத்து நிலவரம். பிறக்கும்போது எழுதிய ஜாதகம் இல்லை. ஆனால் ஏறணும்னா முதலில் எந்த டிவிஷனாக இருந்தாலும் பெயர் கொடுத்து இறங்கி ஆடணும். மில் மூடினாலும் சரி, அரியர் விழுந்தாலும் சரி, கேம்பஸில் பெயர் வராமல் போனாலும் சரி.

இந்த வருஷம் வெளியே போகிற மூன்றாம் ஆண்டு நண்பர்கள் எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்க வாழ்த்துகள். கிடைக்கிற முதல் வேலை சின்னதாக இருந்தாலும் போய்ச் சேருங்கள்.

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்