இணைப்பு தருவாரில்லை

மன்னார்குடி என்று கூகுளில் தேடினால் ராஜகோபாலசுவாமி கோயில் பக்கம் பக்கமாக வருகிறது. நம் தெருக்களின் வரலாற்றை எழுத நாங்கள் தொடங்கிய இணையதளம் வருவதில்லை. எழுத்து சரியில்லையோ என்று தோழர்கள் கேட்கிறார்கள். எழுத்தில் குறையில்லை, இணைப்பு தருவாரில்லை.

1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் வகுத்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பு ஓட்டு மாதிரி. பெரிய தளம் போடும் ஓட்டுக்கு மதிப்பு கூடுதல். இன்று வேறு பல அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் இணைப்பின் செல்வாக்கு போகவில்லை. புதுப் பக்கங்களைத் தேடுபொறி கண்டுபிடிப்பதே பெரும்பாலும் பழைய பக்கங்களின் இணைப்பு வழியாகத்தான். "நீ யாருடைய ஆள்?" என்று கேட்கும் பண்ணை வாசல் நமக்குப் புதிதா என்ன?

பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை வாராவாரம் எழுதினார். பின்னால் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் அவர் பெயரையே சொல்லவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் பரவலாக வாசிக்கப்பட்டார்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்து வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாளை ஒரு பிள்ளை அதைத் தேடும்போது யார் சொல்வது முதலில் வரும்? கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். தேடுபொறி அதைப் பார்ப்பதில்லை. உங்கள் தளத்தில் இணைப்புக் கொடுங்கள். உங்களுக்கு நாங்கள் கொடுக்கிறோம்.